ஏழாம் கூடையின் கணக்கு

வடக்குக் கலிபோர்னியாவில் ஒரு மலைச்சரிவு. முழங்கால் உயரக் காய்ந்த புல், நடுநடுவே ஓக் மரங்கள். அக்கா மகன் என் கையில் ஒரு பிளாஸ்டிக் தட்டைத் திணித்து, "கீழே மஞ்சப் பட்டை ஒண்ணு தெரியுதா மாமா? அதுதான் ஏழாம் கூடை" என்றான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிந்த மாதிரி தலையை ஆட்டி வைத்தேன்.

விளையாட்டின் பெயர் டிஸ்க் கோல்ஃப். கோல்ஃப்தான், ஆனால் மட்டையும் பந்தும் கிடையாது. சிமென்ட் மேடையிலிருந்து தட்டை எறிய வேண்டும். விழுந்த இடத்துக்கு நடந்துபோய் அங்கிருந்து மறுபடி எறிய வேண்டும். கடைசியில் இரும்புச் சங்கிலிகள் தொங்கும் ஒரு கூடைக்குள் விழவைக்க வேண்டும். குறைந்த எறிகளில் முடிப்பவர் வெல்வார். ஏழாம் கூடைக்கு நியாயமான கணக்கு 3 எறி. நான் 7 எடுத்தேன். அந்தக் கூடுதல் நான்குக்கு யார் பொறுப்பு என்ற விசாரணைதான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன் இதைத் தொடங்கிவைத்தவரைப் பற்றிக் கொஞ்சம். தோட்டத்து மரங்களையும் குப்பைத் தொட்டிகளையும் குறிவைத்துத் தட்டு எறிவது அமெரிக்காவில் பழைய பொழுதுபோக்கு. அதற்கென்று நிரந்தரமாக ஒரு களத்தை 1975ல் வடிவமைத்தவர் எட் ஹெட்ரிக். ஃப்ரிஸ்பீ தயாரித்த வாம்-ஓ நிறுவனத்தில் இருந்தவர். இடம், லாஸ் ஏஞ்சலஸுக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் ஓக் குரோவ் பூங்கா. வேலிக்கு அந்தப் பக்கம் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகம். ஒரு பக்கம் விண்கலம், மறுபக்கம் பிளாஸ்டிக் தட்டு. ஆரம்பத்தில் வெறும் கம்பங்கள்தான் இலக்கு. சங்கிலிக் கூடைக்கு அவர் காப்புரிமை பெற்றது 1977ல். வேகமாக வரும் தட்டின் ஆற்றலைத் தொங்கும் சங்கிலிகள் வாங்கிக்கொண்டு அதைக் கீழே கூடையில் விழவைக்கும். 2002ல் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அவருடைய அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகள் வார்த்தார்கள்.

இனி முதல் எறி.

மேடைக்கு அருகே இருந்த பலகையில் "300 அடி" என்று மட்டும் எழுதியிருந்தது. கூடையோ எங்களைவிட 50 அடி கீழே. டிஸ்க் கோல்ஃப்காரர்களிடம் எளிய வாய்ப்பாடு ஒன்று உண்டு: ஓர் அடி இறக்கத்துக்கு மூன்று அடி தூரத்தைக் கழி, ஓர் அடி ஏற்றத்துக்கு மூன்று அடி கூட்டு. அப்படிப் பார்த்தால் இந்த 300 அடி உண்மையில் 150 அடிதான். இதே 300 அடி 50 அடி ஏற்றமாக இருந்திருந்தால் 450 ஆகியிருக்கும். தூரத்தை மட்டும் எழுதி உயர வித்தியாசத்தை எழுதாத பலகை, மலையில் பாதிப் பொய் சொல்கிறது. அதை நம்பி, இருப்பதிலேயே வேகமான தட்டை எடுத்தேன்.

தட்டு நேராகத்தான் கிளம்பியது. பாதித் தூரம் போனதும் மெல்ல இடதுபக்கம் சாய ஆரம்பித்தது. அப்புறம் நிற்கவே இல்லை. சாய்ந்துகொண்டே போய்ப் பள்ளத்தில் மறைந்தது.

ஏன் இடதுபக்கம்? பம்பரம் விட்டவர்களுக்கு இதில் பாதி விளங்கும். சுற்றும் பம்பரத்தை ஒரு பக்கம் தள்ளினால் அது அந்தப் பக்கம் விழுவதில்லை. தள்ளிய திசைக்குக் குறுக்கே நகரும். சுழலும் எந்தப் பொருளுக்கும் இதுதான் விதி: ஓரிடத்தில் கொடுத்த தள்ளலின் பலன், சுழலும் திசையில் கால் சுற்று தள்ளித்தான் தெரியும்.

தட்டின் மேல் காற்று கொடுக்கும் தூக்கு விசை, சரியாகத் தட்டின் நடுவில் உட்காருவதில்லை. தட்டு வேகமாக, மட்டமாகப் போகும்போது அது நடுவுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். வேகம் குறைந்து தட்டு இறங்கத் தொடங்கியதும் காற்று அடிப்பக்கத்திலிருந்து மோதும். அப்போது தூக்கு விசை நடுவைத் தாண்டி முன்னால் வந்துவிடும். 2002ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜோனதன் பாட்ஸும் வில்லியம் கிரவுதரும் ஒரு ஃப்ரிஸ்பீயைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து இதை அளந்தார்கள். காற்று சுமார் 9 டிகிரி கோணத்தில் மோதும் இடத்தில்தான் தள்ளல் முன்னுமில்லாமல் பின்னுமில்லாமல் சமன் ஆகிறது. கோணம் அதைத் தாண்டினால் மூக்கு மேலே எழும்பப் பார்க்கும்.

சுழலாத தட்டாக இருந்தால் அப்படியே மல்லாந்துவிடும். வலதுகைக்காரர் உடம்புக்குக் குறுக்கே கையைக் கொண்டுபோய் வீசும் தட்டோ, மேலிருந்து பார்த்தால் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுகிறது. முன்புறம் கிடைத்த மேல்நோக்கிய தள்ளல் கால் சுற்று கழித்து வலதுபக்கம் பலிக்கிறது. வலதுபக்கம் எழும்ப, இடதுபக்கம் தாழ, தட்டு இடப்பக்கமாகச் சரிந்து போகிறது. இதைத்தான் ஃபேடு என்பார்கள். ஆரம்ப வேகத்தில் தள்ளல் பின்புறம் இருப்பதால் தட்டு வலப்பக்கம் சாயப் பார்க்கும், அது டர்ன். ஒரு நல்ல எறி முதலில் கொஞ்சம் வலது, முடிவில் கொஞ்சம் இடது என்று மெல்லிய எஸ் வளைவு போடும். இடதுகைக்காரருக்கு எல்லாம் தலைகீழ்.

சமதரையில் ஃபேடு தொடங்கிய சற்று நேரத்தில் தட்டு தரையைத் தொட்டுவிடும். மலை இறக்கத்தில் தரை நழுவிக் கீழே போய்க்கொண்டே இருக்கிறதே! சமதரையில் ஒரு நொடியில் முடிந்திருக்க வேண்டிய கடைசிக் காட்சி அங்கே இரண்டு மூன்று நொடி ஓடுகிறது. அவ்வளவும் இடதுபக்கம். ஏற்றத்தில் வேறு தொல்லை. மேல்நோக்கி எறிந்த தட்டு சீக்கிரமே வேகம் இழந்து, பாதி வழியிலேயே ஃபேடு ஆகி, எதிரே வரும் தரையில் முட்டி நின்றுவிடும்.

இதெல்லாம் மலையின் குணம். இதில் புகார் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் மேடை?

மேடையில் நிற்கும்போதே ஏதோ உறுத்தியது. பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்தேன். உருண்டு இடது ஓரத்தைத் தாண்டிப் புல்லில் விழுந்தது. மருமகன் கைப்பேசியை சிமென்ட் மேல் வைத்துப் பார்த்து "5 டிகிரி" என்றான். ஐந்தடி அகலத்தில் ஐந்து அங்குலச் சாய்வு. சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் நிற்கும் உடம்பின் சாய்வு அப்படியே கைக்கும் தட்டுக்கும் போகிறது. தட்டு 5 டிகிரி இடது சாய்ந்து பறந்தால் தூக்கு விசையில் ஒரு பங்கு அதைப் பக்கவாட்டில் இழுக்கும். தூக்கு விசை தட்டின் எடைக்குச் சமம், பறக்கும் நேரம் 4 நொடி என்று வைத்துக்கொண்டு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 22 அடி வருகிறது! கூடைக்கும் பள்ளத்துக்கும் இடையே அவ்வளவு தூரம்கூட இல்லை. களத்தை வடிவமைத்தவர் மண்ணை வெட்டி மேடையை மட்டம் பார்க்காமல், இருந்த சரிவின் மேலேயே சிமென்ட்டை ஊற்றியிருக்கிறார்.

பள்ளத்தில் இறங்கப்போன என்னை மருமகன் கையைப் பிடித்து நிறுத்தினான். "மூணு மூணு இலையா இருக்கே, அதைத் தொட்டுடாதீங்க. பாய்சன் ஓக்." பேரில்தான் ஓக். உண்மையில் மா, முந்திரி, நம் ஊர் சேராங்கொட்டை எல்லாம் இருக்கும் குடும்பம். சேராங்கொட்டைப் பால் பட்டால் என்ன ஆகும் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருந்ததால், குச்சியால் தட்டை இழுத்து எடுத்தேன். இரண்டாவது எறி பள்ளத்திலிருந்து வெளியே வருவதற்கே சரியாகப் போயிற்று. மூன்றாவது நன்றாக விழுந்தது. கூடைக்கு 20 அடி.

மனம் கொஞ்சம் நிமிர்ந்த நேரம். கூடையைச் சுற்றி 10 மீட்டருக்குள் இருந்து எறிந்தால், எறிந்தபின் முன்னால் தடுமாறாமல் நிலையாக நின்று காட்ட வேண்டும் என்பது விதி. சரிவில் அது ஒரு வித்தை. நின்று காட்டினேன். தட்டு கூடையின் விளிம்பில் "டங்" என்று பட்டது. கீழே விழுந்து தன் ஓரத்தில் செங்குத்தாக நின்றது. ஒரு கணம் யோசிப்பது போல நின்றுவிட்டு, உருள ஆரம்பித்தது.

இந்தத் தட்டுகளின் எடை பெரும்பாலும் விளிம்பில் இருக்கிறது. காற்றைக் கிழிக்கும் கூரான விளிம்போடு 1983ல் டேவ் டூனிபேஸ் கொண்டுவந்த ஈகிள் என்ற தட்டிலிருந்து வந்த பாணி அது. விளிம்பில் எடை இருந்தால் சுழற்சி எளிதில் குறையாது. பறப்பதற்கு எவ்வளவு நல்லதோ, உருள்வதற்கும் அவ்வளவு நல்லது. ஓரத்தில் நிற்கும் தட்டு சைக்கிள் சக்கரம் மாதிரி. உருளும் வரை விழாது. ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு ஓடும். மட்டமான தரையில் நாலடியில் அடங்கிவிடும். இங்கே கூடையை வைத்திருந்ததோ குன்றின் மூக்கு நுனியில். பின்னாலும் இரு பக்கமும் சரிவு. என் தட்டு 100 அடி ஓடி, ஒரு மர வேரில் மோதி, படுத்தது.

இங்கேதான் எனக்கும் மருமகனுக்கும் வாக்குவாதம். "அதுதான் மாமா சவால்" என்றான். சரிவில் கூடை வைப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. பயந்தவன் கூடையைக் குறிவைக்காமல் பக்கத்தில் பத்திரமாகப் போட்டுவிட்டு ஓர் எறியை இழக்கலாம், துணிந்தவன் முயன்று பார்க்கலாம் என்று இருந்தால் அது அருமையான வடிவமைப்பு. இங்கே பத்திரமாகப் போட ஓர் இடம்கூட இல்லை. நூலிழையில் தவறிய எறியும் படு மோசமான எறியும் ஒரே வேரில் போய்ப் படுக்கின்றன. நல்லவனையும் மோசமானவனையும் பிரித்துக் காட்டாத கூடை, தாயக்கட்டைதான்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று, என் எறிகளில் சேராதது. எட்டாம் கூடைக்கான மேடையை ஏழாம் கூடைக்கு இடதுபக்கம், 40 அடியில் வைத்திருந்தார்கள். விளையாடுபவர்களில் பெரும்பாலோர் வலதுகைக்காரர்கள். அவர்கள் தட்டு தவறினால் எந்தப் பக்கம் தவறும் என்பதை மேலே பார்த்தோம். அங்கேதான் அடுத்த ஆட்டக்காரர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். 175 கிராம் தட்டு மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் சுமார் 68 ஜூல் ஆற்றல். அதே வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்துக்கு 62. இறங்கும்போது வேகம் குறைந்திருக்கும் என்பது உண்மைதான். பின்மண்டைக்கு அது பெரிய ஆறுதல் இல்லை. மேட்டிலிருந்து "ஃபோர்!" என்று கத்துவதுதான் ஒரே பாதுகாப்பு ஏற்பாடு. மேடையை வலதுபக்கம் போட்டிருந்தால் ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லை.

ஐந்தாவது எறி, வேரிலிருந்து மேல்நோக்கி. நூறடிக்கு 20 அடி ஏற்றம். வாய்ப்பாட்டுப்படி 160 அடிக்கு எறிய வேண்டும். வாய்ப்பாடு தெரிந்தும் கை நூறடிக்குத்தான் எறிந்தது. பாதியில் விழுந்தது. ஆறாவது எறி கூடைக்கு அடியில். ஏழாவதை எறிந்தேன் என்று சொல்வதைவிட, பயபக்தியோடு உள்ளே வைத்தேன் என்பதே சரி. சங்கிலி லேசாகச் சிணுங்கியது.

கூடுதல் எறி நான்கு. ஒன்று, சாய்ந்த மேடைக்கு. ஒன்று, குன்றின் நுனியில் கூடையை நட்டவருக்கு. ஒன்று, மலைக்கு, அதை மகிழ்ச்சியோடு கொடுக்கிறேன். ஒன்று என்னுடையது. இதை மருமகனிடம் சொன்னேன். அவன் அட்டையில் 7 என்று எழுதிக்கொண்டே, "நாலும் உங்களுதுதான் மாமா" என்றான். அதே மேடையிலிருந்து, அதே கூடைக்கு, அவன் எடுத்தது 3.