மூப்பு வேறு, பிணி வேறு



மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த சங்க நண்பர்கள், “நயினார் சார், இந்தத் தடவை கல்வெட்டு வேண்டாம். வீட்டுக்கு உபயோகமா ஏதாவது எழுதுங்க” என்று சொல்லிவிட்டார்கள். நம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெரியவராவது இருக்கிறார். எனவே முதுமையைப் பற்றி எழுதத் துணிந்தேன். நான் மருத்துவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்து என் தாத்தா பாலக்காட்டு வலியங்காடியில் போட்ட பாத்திரக் கடையில் 45 வருஷமாக உட்கார்ந்திருப்பவன். பள்ளி இறுதியோடு படிப்பு நின்றது. மீதி எல்லாம் நூலகத்திலும் பழைய புத்தகக் கடையிலும் கற்றதுதான். இந்த விஷயத்தில் மட்டும், என் வீட்டில் நான் செய்த இரண்டு தவறுகளே எனக்கு ஆசிரியர்கள்.

மூன்று சொற்கள்

பிணி, மூப்பு, சாக்காடு என்று நம் முன்னோர் மூன்றை அடுக்கிச் சொன்னார்கள். மூன்றும் ஒன்றுதான் என்றால் ஒரு சொல் போதுமே! நாலடியாரில் இளமை நிலையாமைக்கு ஓர் அதிகாரம், யாக்கை நிலையாமைக்கு வேறோர் அதிகாரம், ஒவ்வொன்றுக்கும் பத்துப் பாட்டு. இளமை போவது வேறு, உடம்பு போவது வேறு என்று கண்டவர்கள் அவர்கள். நாமோ எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். தமிழில் ‘வயசாச்சு’, பக்கத்து வீட்டு மலையாளத்தில் ‘வயஸ்ஸாயி’.

மூப்பு என்பது எல்லோருக்கும் வரும் மாற்றம். அதற்கு மருந்து தேட வேண்டாம். அதற்கு ஏற்றபடி வீட்டையும் நம் பழக்கத்தையும் மாற்றிக் கொள்ள வேண்டும். பிணி என்பது சிலருக்கு வருவது. அதை ‘வயசாச்சு’ என்று விட்டுவிடாமல் வைத்தியம் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்து கொண்டால் பெரியவர்கள் இரண்டு பக்கமும் அடிபடுகிறார்கள். என் வீட்டில் நடந்தது அதுதான்.

முதல் தவறு: மூப்பைப் பிணி என்று எண்ணியது

2005ஆம் ஆண்டு. அப்பாவுக்கு 74 வயது. கடையில் கல்லாவில் அவர்தான் உட்காருவார். வாடிக்கையாளர் சட்டி கேட்டால் தட்டை எடுத்துக் கொடுக்கச் சொல்வார். எழுபது ரூபாய் என்றால் எண்பது என்று கேட்டுச் சண்டை போடுவார். தமிழில் பேசுகிறவர்களிடம் அவ்வளவு குழப்பமில்லை; மலையாளத்தில் வேகமாகப் பேசுகிறவர்களிடம்தான் தடுமாற்றம். எங்களைவிட நல்ல மலையாளம் பேசியவர் அவர். “அப்பாவுக்குப் புத்தி தடுமாறுது” என்று நானும் தம்பியும் முடிவு கட்டினோம். கல்லாப்பெட்டிச் சாவியை வாங்கிக் கொண்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பின்பக்கக் கிடங்கில் போய் உட்கார்ந்து கொண்டார். ஆறு மாதம் அப்படியே இருந்தார். பேச்சு குறைந்தது, சாப்பாடும் குறைந்தது.

வேறு காரியமாகக் காது மருத்துவரிடம் போனபோதுதான் உண்மை தெரிந்தது. புத்தியில் கோளாறு இல்லை. காதில் அழுக்கு அடைத்திருந்தது. அதை எடுத்த பிறகு பரிசோதித்ததில், வயதுக்கு ஏற்ற செவித்திறன் குறைவு.

இது எப்படி நடக்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்து கொண்டேன். வயது ஆக ஆக உட்காதில் உள்ள நுண்ணிய மயிர் அணுக்கள் குறைகின்றன. மெல்லிய, உச்ச ஸ்தாயி ஒலிகள் முதலில் போகும். உயிரெழுத்தின் ஓசை பெரும்பாலும் தாழ்ந்த ஸ்தாயி, அது காதில் விழும். ச, த, ப, க போன்ற மெய்கள் நழுவும். அதனால்தான் “நீ பேசறது கேக்குது, என்னன்னுதான் புரியல” என்கிறார்கள். தாய்மொழியில் விட்டுப்போன எழுத்தை மூளை தானே நிரப்பிக் கொள்ளும். பின்னால் கற்ற மொழியில், அதுவும் சந்தைச் சத்தத்தில், அப்படி நிரப்புவது கஷ்டம். எல்லையில் இரண்டு மொழியோடு வாழும் நம் குடும்பங்கள் இதைக் குறித்து வைத்துக் கொள்ள வேண்டும். மலையாளப் பள்ளியில் படிக்கும் பேரன் பேசுவது பாட்டிக்கு விளங்கவில்லை என்றால், பாட்டிக்கு மலையாளம் மறந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

கத்திப் பேசினால் ஓசைதான் பெருகும், எழுத்து தெளியாது. எதிரில் உட்கார்ந்து, முகம் தெரியும்படி, நிதானமாக, தாழ்ந்த குரலில் பேச வேண்டும். டிவியை அணைத்துவிட்டுப் பேச வேண்டும். காது அழுக்கைப் பார்த்த பிறகும் குறை இருந்தால் செவிக்கருவி வாங்கிக் கொடுக்க வெட்கப்படக் கூடாது. 2024இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, மறதி நோயைத் தள்ளிப்போட நாம் கவனிக்கக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. கவனிக்காமல் விட்ட செவிக்குறை அதில் முக்கியமான ஒன்று.

கருவி பொருத்திய பிறகு ஒருநாள் சாவியை அப்பா கையில் கொடுத்தேன். “இப்ப எதுக்குடா?” என்றார். ஆனாலும் வாங்கி மடியில் செருகிக் கொண்டார். 2009இல் காலமாகும் வரை அது அவரிடம்தான் இருந்தது. அந்த ஆறு மாதத்தை மட்டும் என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

இரண்டாம் தவறு: பிணியை மூப்பு என்று எண்ணியது

2013, பங்குனி வெயில். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அனலாய் அடிக்கிற மாதம். அம்மாவுக்கு 78 வயது. திடீரென்று சோர்ந்து படுத்தார்கள். பகலை இரவு என்றார்கள். என்னை மாமா பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். “வயசாச்சு, அப்பா நினைப்பு வேற” என்று மூன்று நாள் சும்மா இருந்தோம். ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தபோது சோடியம் என்னும் உப்புச் சத்து மிகவும் குறைந்திருந்தது. ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த, சிறுநீர் பிரியவைக்கும் மாத்திரை ஒரு பக்கம். உப்பில்லாக் கஞ்சியே போதும் என்று நாங்கள் வைத்த பத்தியம் மறுபக்கம். சில நாள் சிகிச்சையில் பழைய அம்மாவாக எழுந்து உட்கார்ந்தார்கள்.

இன்னொன்றும் அப்போதுதான் வெளிவந்தது. எங்கள் குலத்துப் பெரியவர்கள் சூரியன் மறைந்தபின் எதுவும் உண்ணமாட்டார்கள். சிலர் தண்ணீரும் தொடமாட்டார்கள். சீட்டில் ‘இரவு’ என்று எழுதிய மாத்திரைகளை அம்மா விழுங்கவே இல்லை. எங்களிடமும் சொல்லவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை. விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் சிரித்துக் கொண்டே நேரத்தை மாற்றி எழுதிக் கொடுத்தார். விரதமோ நோன்போ, எந்தச் சமயத்தாராக இருந்தாலும், பெரியவர்களின் வழக்கத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எது மூப்பு, எது பிணி?

பெயர் உடனே நினைவுக்கு வராமல் கொஞ்ச நேரம் கழித்து வருவது மூப்பு. தினம் போகும் தெருவில் வழி தவறுவது, ஆயுசெல்லாம் போட்ட கணக்கைப் போடத் தெரியாமல் போவது, சொன்ன பேச்சையே பத்து நிமிஷத்தில் மறுபடி சொல்வது பிணியாக இருக்கலாம், காட்ட வேண்டும். ஒன்றிரண்டு நாளில் திடீரென வரும் குழப்பம் மூப்பே அல்ல. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, உப்புக் குறைவு, புது மாத்திரை என்று ஏதாவது இருக்கும். அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும்.

சீக்கிரம் தூங்கி விடியுமுன் எழுவது, நடுவில் விழிப்பது மூப்பு. வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பிடாமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது மனச்சோர்வு. அதற்கு நல்ல சிகிச்சை உண்டு.

நடை மெதுவாவது மூப்பு. அடிக்கடி விழுவது, காரணமில்லாமல் இளைப்பது, ஒரு பக்கம் கை கால் தளர்வது பிணி. எல்லாம் மங்கலாகத் தெரிவது பெரும்பாலும் கண்புரை. அறுவை சிகிச்சையால் பார்வை திரும்பும்போது, “இந்த வயசுல எதுக்கு?” என்று தள்ளிப்போடுவது அநியாயம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

வெளிச்சம்: 20 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக் கண்ணில் போய்ச் சேருகிறது. கரண்டு மிச்சம் என்று பெரியவர் அறையில் குறைந்த பல்பு போடாதீர்கள். படுக்கையிலிருந்து கக்கூஸ் வரை இரவு விளக்கு எரியட்டும். குளியலறையில் பிடித்துக் கொள்ள ஒரு கம்பி, வழுக்காத தரை இரண்டும் வேண்டும்.

தண்ணீர்: வயதானால் தாக உணர்ச்சி மங்கும். அவர்கள் கேட்கமாட்டார்கள், நாம்தான் கொடுக்க வேண்டும். அம்மாவுக்குச் சொம்பு கணக்கு வைத்துப் பகலிலேயே குடிக்கச் செய்தோம். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு எவ்வளவு என்று டாக்டரைக் கேட்டுக் கொள்ளவும்.

எழுந்திருப்பது: சட்டென எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். படுக்கை ஓரத்தில் ஓரிரு நிமிஷம் உட்கார்ந்து, பிறகு எழ வேண்டும்.

வேலை: சுமார் 30 வயதுக்குப் பிறகு தசை மெல்லக் குறைகிறது. 60க்குப் பின் வேகம் கூடும். ஆனால் தசை எந்த வயதிலும் திரும்பக் கூடியது. 1990இல் அமெரிக்காவின் பாஸ்டனில் 90 வயதையொட்டிய முதியோருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. எடை எதற்கு, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காரட்டும். பருப்பும் பாலும் குறையாமல் கொடுங்கள். “நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்கறோம்” என்று எல்லா வேலையையும் பிடுங்கிக் கொள்வது மரியாதை போலத் தெரியும். உண்மையில் அது காலைப் பிடுங்குவது.

மலைமேல் உள்ளவர்கள்

பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக மூணாறு வரை பாத்திரம் கொண்டு போய்ப் போட்டவன் நான். இடுக்கித் தோட்டங்களில் நம் தமிழ்ப் பெண்கள் கொழுந்து மூட்டையோடு ஏறி இறங்கி வலுவேறிய காலோடு இருப்பார்கள். பணி ஓய்வு வந்ததும் அந்த நடை ஒரே நாளில் நின்றுவிடும். தோட்டத்தில் வேலை பார்க்கும் வாரிசு இல்லாவிட்டால் லயத்து வீட்டையும் விட வேண்டும். நாற்பது வருஷம் பார்க்காத சொந்த ஊருக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. பழகிய இடத்தில் கண்ணை மூடிக் கொண்டே அடுப்பு பற்றவைத்தவர், புது இடத்தில் கதவு எந்தப் பக்கம் என்று தடுமாறுவார். அது புத்திக் கோளாறு என்று அவசரப்பட வேண்டாம். பழைய பாய், பழைய சொம்பு, பழைய தோழியோடு போன் பேச்சு என்று தெரிந்ததைக் கூடவே வையுங்கள். சில மாதம் ஆகியும் தெளியாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

எங்கே உதவி கிடைக்கும்?

2011 கணக்கெடுப்பில் 60 தாண்டியவர்கள் கேரளத்தில் நூற்றுக்கு 12.6 பேர், தமிழகத்தில் 10.4, இந்தியா முழுவதற்கும் 8.6. ஆகவே இங்கே ஏற்பாடுகளும் முந்தி வந்தன. 2008இல் கேரள அரசு வலி நிவாரண, சாந்துவனப் பராமரிப்புக் கொள்கையை அறிவித்தது. உள்ளாட்சி வழியாக நர்ஸ் வீட்டுக்கே வந்து படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கிறார். 65 தாண்டியவர்களுக்கு ‘வயோமித்திரம்’ திட்டத்தில் நகரப் பகுதிகளில் நடமாடும் மருத்துவமும் இலவச மருந்தும் உண்டு. 2025இல் முதியோருக்கென்று தனி ஆணையச் சட்டம் சட்டசபையில் நிறைவேறியது. முதியோர் உதவி எண் 14567. கவனிக்காத பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்க 2007ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. அந்த நிலைக்கு நம்மவர் யாரும் போகக் கூடாது.

நம்மவர்களில் பலர், ‘அதெல்லாம் மலையாளிகளுக்கு’ என்று எண்ணிக் கேட்காமலே இருக்கிறார்கள். ஆஷா பணியாளரைக் கேளுங்கள். அவர் வரும்போது வீட்டில் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் கூட இருங்கள். பெரியவர் தமிழில் சொல்லும் வலி, மலையாளத்தில் முழுசாகப் போய்ச் சேர வேண்டும்.

எனக்கும் 67 ஆகிவிட்டது. போன வருஷம் சாயங்காலத்தில் பில் எழுத்து தெரியாமல் காகிதத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போய்ப் பார்த்துக் கொண்டிருந்தேன். மறுநாள் கடைக்கு வந்தால் கல்லா மேஜைக்கு நேர் மேலே புது டியூப்லைட் எரிகிறது. மகன்தான் போட்டிருக்கிறான். அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை, சாவியையும் கேட்கவில்லை. அடுத்த வாரம் கண் டாக்டரிடம் மட்டும் அழைத்துப் போனான். மூப்புக்கு விளக்கு, பிணி உண்டா என்று பார்க்க டாக்டர். நான் இவ்வளவு பக்கத்தில் எழுதியதை அவன் எழுதாமலே செய்துவிட்டான்.

நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லோருக்கும் அப்படி ஒரு விளக்கு எரியட்டும்.