'பார்பரஸ்' முதல் 'வடக்கன்' வரை... வெளியாட்களுக்கு வைத்த பெயர் எப்படி வசையாகிறது?

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் பக்கம் போனால் 'ஃபாரினர்' என்ற சொல் காதில் விழாமல் இருக்காது. இந்த ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன். 'ஃபோரிஸ்' என்றால் 'கதவுக்கு வெளியே'. அதே லத்தீனில் வெளியாட்களுக்கு இன்னொரு சொல்லும் உண்டு: 'பார்பரஸ்'. இதில்தான் வில்லங்கமே!

பார்பரஸ் என்றால் என்ன?

கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்கு வந்த சொல். புரியாத பாஷை பேசுபவர்கள் 'பர்... பர்...' என்று உளறுவதாகக் கிரேக்கர்களுக்குக் கேட்டது. அந்த ஒலியே பெயரானது. 'காட்டுமிராண்டி' என்ற அர்த்தம் பின்னாடி ஒட்டிக்கொண்டதுதான். கிரேக்கர்கள் கணக்கில் ரோமானியர்களும் இதே லிஸ்ட்! ரோம நாடக ஆசிரியர் பிளாட்டஸ், கிரேக்க நாடகத்தை லத்தீனில் தந்ததையே 'பார்பர மொழியில்' தந்ததாகக் கிண்டலடித்தார்.

இலக்கணம் என்ன சொல்கிறது?

ஆண் என்றால் 'பார்பரஸ்', பெண் என்றால் 'பார்பரா', பலர் என்றால் 'பார்பரி'. இந்த விகுதிகள் பாலையும் எண்ணிக்கையையும் காட்டும், மரியாதையைக் காட்டாது. தமிழ் அப்படியில்லை. 'அர்' சேர்த்தால் பன்மையும் வரும், மரியாதையும் வரும். 'அன்' போட்டால் மரியாதை போய்விடும்.

நம் கடற்கரையில் என்ன பெயர்?

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, பாலாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது வசவசமுத்திரம். இங்கே நடந்த அகழாய்வில், ரோமானிய வணிகத் தொடர்பைக் காட்டும் ஆம்போரா சாடித் துண்டுகள் கிடைத்தன. கடல் தாண்டி வந்த மேற்கத்தியர்களைச் சங்க இலக்கியம் 'யவனர்' என்கிறது. 'அயோனியா' என்ற கிரேக்கப் பகுதியின் பெயரிலிருந்து வந்த சொல் இது.

முல்லைப்பாட்டில் 'மிலேச்சர்' என்ற சொல்லும் வருகிறது. வாயால் பேசாமல் உடல் சைகையால் பேசுபவர்கள் என்று அவர்களை வர்ணிக்கிறது பாட்டு. 'தெளிவில்லாமல் பேசுவது' என்ற பொருளுள்ள வடமொழி வேரிலிருந்து வந்த சொல் இது. பார்பரஸ் மாதிரியே, பேச்சை வைத்து வந்த பெயர்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

இன்று செங்கல்பட்டு மாவட்டத்தின் தொழிற்சாலைகளிலும் கட்டட வேலைகளிலும் வட மாநிலத் தொழிலாளர்கள் நிறைய பேர். சோஷியல் மீடியா அவர்களுக்கு வைத்த பெயர் 'வடக்கன்'. நேர் அர்த்தம் 'வடக்கே இருந்து வந்தவன்', அவ்வளவுதான். ஆனால் வசையாகவே புழங்குகிறது. இந்தப் பெயரில் எடுக்கப்பட்ட தமிழ்ப் படம், தணிக்கை வாரியத்தின் ஆட்சேபத்துக்குப் பிறகு 2024-ல் 'ரயில்' என்ற பெயரில் வெளியானது.

'வட மாநிலத்தவர்' என்பதும் அதே திசையைத்தான் சொல்கிறது. மாறுவது விகுதியும் தொனியும். மும்பையிலும் டெல்லியிலும் 'மதராஸி' என்று கூப்பிடப்பட்ட தமிழர்களுக்கு, அந்த வித்தியாசத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.