மாண்ட கறவைக்கு அரசாங்க நிவாரணம்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாயை ஒட்டிச் சித்தூர் வட்டம் அமைந்துள்ளது. கேரளத்தின் பிற பகுதிகளைக் காட்டிலும் இங்கு மழை குறைவு. பாசனம் பெரிதும் ஆழியாற்று நீரை நம்பியிருக்கிறது. தமிழும் மலையாளமும் வழங்கும் இவ்வட்டாரத்துக் குடியானவர் பலர் நிலத்தோடு ஓரிரு கறவை மாடுகளையும் வைத்துப் பிழைக்கின்றனர். அறுவடைப் பணம் ஆண்டில் சில நாட்களே கைக்கு வரும். பாற்பணமோ இடைவிடாது வருவது. ஆகவே ஒரு பசு மாண்டால் அக்குடும்பத்தின் அன்றாட வருவாயே நின்றுபோகிறது.

2016 அக்டோபரில் கேரளத்தின் 14 மாவட்டங்களும் வறட்சிப் பகுதிகள் என அறிவிக்கப்பட்டன. இரண்டாண்டு கழியுமுன், 2018 ஆகஸ்டில், பெருவெள்ளம் மாநிலத்தைத் தாக்கியது. இவ்விரு இடர்களும் கால்நடைகளைத் தாக்கும் முறை வேறு. நிவாரணமும் அதற்கேற்ப வேறுபடுகிறது.

நிதியும் விகிதமும்

முற்காலத்தில் இத்தகைய உதவி பெரும்பாலும் கடனாகவே கிடைத்தது. மாடும் விதையும் வாங்கக் கடன் வழங்க 1884-ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டம் இயற்றப்பட்டது. இன்றைய உதவியோ திருப்பிச் செலுத்த வேண்டாத மானியம். 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஏற்பட்ட மாநில நிதியிலிருந்து இது வழங்கப்பெறுகிறது. கேரளத்தின் நிதியில் நூற்றுக்கு 75 பங்கு மத்திய அரசாங்கத்துடையது. 25 பங்கு மாநிலத்துடையது.

2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு வகுக்கப்பட்ட விகிதங்களாவன: கறவைப் பசு அல்லது எருமைக்கு ரூ. 37,500; ஆடு ஒன்றுக்கு ரூ. 4,000, உழவு எருதுக்கு ரூ. 32,000, கன்றுக்கு ரூ. 20,000, கோழி ஒன்றுக்கு ரூ. 100, குடும்பத்துக்கு ரூ. 10,000-க்கு மேற்படாமல். பெரிய கறவைகள் மூன்றுக்கு மட்டுமே உதவி உண்டு. நான்கு பசுக்களை இழந்தவருக்கும் ரூ. 1,12,500-தான் கிடைக்கும். நல்ல கலப்பினப் பசுவின் சந்தை விலை இவ்விகிதத்தினும் மிகுதி. இத்தொகை துயர் துடைக்கும் உதவியேயன்றி முழு ஈடாகாது என்பதைக் குடியானவருக்கு முன்கூட்டியே விளக்குதல் நன்று.

வறட்சியில் நேரும் இழப்பு

வெள்ளம் மாட்டை ஓரிரவில் கொல்கிறது. வறட்சியோ தீவனத்தையும் தண்ணீரையும் சிறிது சிறிதாகக் குறைத்து, மாட்டை அடிமாட்டு விலைக்கு விற்கும்படி செய்கிறது. விற்ற மாட்டுக்கு நிவாரணம் இல்லை. இதனைத் தடுக்கவே கால்நடை முகாம்களுக்கு விதிகளில் இடமளிக்கப்பட்டுள்ளது. மேற்கூறிய காலத்துக்குப் பெரிய கால்நடைக்கு நாளொன்றுக்கு ரூ. 80, சிறியதற்கு ரூ. 45 என வரையறுக்கப்பட்டது. முகாமுக்கு வெளியே உள்ள மாடுகளுக்குத் தீவனம் கொண்டுசெல்லும் செலவுக்கும் வழியுண்டு. சித்தூர் போன்ற வறண்ட வட்டங்களில் மாடு விற்பனைக்குப் போகுமுன் முகாம் திறக்கப்பட வேண்டும். பின்னர்த் திறந்தால் பயனில்லை.

சான்றின் அவசியம்

நோயால் மாண்ட கால்நடை இந்நிவாரணத்தில் அடங்காது. மின்னலைக் கேரள அரசாங்கம் மாநில இடராக அறிவித்துள்ளது. ஆகவே சாவின் காரணத்தை நிறுவுதல் இன்றியமையாதது. சடலத்தைப் புதைக்குமுன் கால்நடை மருத்துவருக்கும் கிராம அலுவலருக்கும் தெரிவித்தல் வேண்டும். காதில் பொருத்திய வில்லையின் 12 இலக்க எண்ணும், அது தெரியும்படி எடுத்த புகைப்படமும் சிறந்த சான்றுகள். வெள்ளம் அடித்துச் சென்ற மாட்டுக்குச் சடலமே கிடைக்காமற் போகலாம். அப்போது அம்மாடு வீட்டில் இருந்தது என்பதற்கு முன்பே குறித்துவைத்த எண்தான் துணை.

இப்பணியில் ஆசிரியர்களும் உதவலாம். மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக் கால்நடைகளின் எண்ணை ஏட்டில் எழுதிவைப்பதற்கு ஒரு பாடவேளை போதும். மழைக்காலத்துக்கு முன் அதைச் செய்தல் நலம்.