படத்தில் நின்ற மோட்டார் வண்டி

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் மோட்டார் வண்டி நெடுங்காலம் அரிய பொருளாகவே இருந்தது. அங்கு வாழும் மீனவர்க்கு வண்டி என்பது தோணி. சாலை என்பது நீர். 1806-ஆம் ஆண்டில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பெற்று, பின்னர் வடக்கிலும் தெற்கிலும் நீண்டு, 1878-ஆம் ஆண்டில் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்ற நீர்வழியே அவர்களுக்குச் சென்னை செல்லும் பெருவழி. விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் அவ்வழியே பாய் விரித்துச் சென்றன.

அத்தகைய குப்பம் ஒன்றில் ஒரு வீட்டுச் சுவரில் பழைய நிழற்படம் ஒன்று தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் வண்டி ஒன்றின் அருகே ஓர் ஆடவர் நிற்கின்றார். ஒரு பெண்மணி நாற்காலியில் அமர்ந்திருக்கின்றார். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி வண்டியின் மட்கார்டின்மேல் கை வைத்து நிற்கின்றாள். படத்தில் நாளும் இல்லை, பெயரும் இல்லை. அவ்வீட்டு மூதாட்டி 1944-ஆம் ஆண்டில் பிறந்தவர். அவர் கருவில் இருந்தபோதே தந்தையார் கடலில் மாண்டார். 1938-இல் பிறந்த தமக்கை 1945-இல் அம்மை நோயால் இறந்தாள். “இவர் என் தந்தை, இவள் என் அக்காள், நான் பிறக்கும் முன்பு எடுத்த படம்” என்று மூதாட்டி கூறுவார், நாள்தோறும் படத்தின்முன் விளக்கும் ஏற்றுவார். அவர் சொல்வது மெய்தானா? சாட்சி கூற எவரும் உயிரோடில்லை. அந்த வண்டி ஒன்றே எஞ்சி நிற்கின்றது.

வண்டியை விசாரிக்கும் முன், அது மெய்யான வண்டிதானா என்று பார்த்தல் வேண்டும். இது நகைப்புக்குரிய ஐயம் அன்று. படம் எடுக்கும் நிலையங்களிலும் திருவிழாக் கடைகளிலும் பலகையில் எழுதிய கார்களை நிறுத்தி, அவற்றின் பின்னே மக்களை அமர்த்திப் படம் எடுப்பது வழக்கமாக இருந்தது. பலகைக் காரின் சக்கரத்திற்குக் கனம் இராது. அதன் நிழல் தரையில் உரியவாறு விழாது. அடுத்து, படம் இடம்வலமாக மாறி அச்சாகியுள்ளதா என்று காணவேண்டும். நம் நாட்டு வண்டிகளில் ஓட்டுநர் இருக்கை வலப்புறத்தில் உள்ளது. பெண்கள் முந்தானையை இடத்தோளில் இடுவர். இவ்விரண்டும் மாறித் தோன்றின், தவறு அச்சிட்டவருடையது. நிறத்தையும் நம்புதற்கில்லை. பழைய படச்சுருள்கள் செந்நிற ஒளியை உணரும் ஆற்றல் அற்றவை. ஆதலின் செந்நிற வண்டியும் அவற்றில் கரிய வண்டியாகவே தோன்றும்.

இனி எண்பலகை. சென்னை நகரில் முதன்முதல் பதிவு பெற்ற வண்டிகள் ‘எம்.சி.’ என்னும் குறியைத் தாங்கின. எம்.சி. 1 என்பது துறைமுகத் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பாரின் வண்டி. கணித மேதை இராமானுசன் எழுத்தராகப் பணி செய்தது இவருடைய அலுவலகத்திலேதான். எம்.சி. 3 என்பது உயர்நீதிமன்றம் முதலிய பெருங்கட்டடங்களை எழுப்பிய நம்பெருமாள் செட்டியாரின் பிரெஞ்சு நாட்டு வண்டி. 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வண்டிச் சட்டத்திற்குப் பின்னர் எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் மூன்றெழுத்துக் குறிகள் வழங்கின. 1969-இல் மாநிலம் தமிழ்நாடு என்னும் பெயரை எய்தியபின் ‘டி’ என்னும் எழுத்து முன்வந்தது. எண்பலகை முழுதும் தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும். ஆனால் படம் எடுப்பவர்கள், ஏனோ, யாரேனும் ஒருவரைப் பலகையை மறைத்தே நிற்கச் செய்கின்றனர்! நம் படத்திலும் சிறுமியின் பாவாடை அதனை மறைத்துவிட்டது.

ஆகவே வண்டியின் உறுப்புக்களையே நோக்க வேண்டும். மரத்தாலான ஆரக்கால்கள் கொண்ட சக்கரமும், துணிக்கூரையும், மடிப்பில்லாத நேர்க் கண்ணாடியும், தனித்து நிற்கும் முகவிளக்குக்களும் இருப்பின், 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளை நினைக்கலாம். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்ட போர்டு ‘டி’ வகை வண்டி அத்தகையது. இந்தியாவிற்கு அது வந்தது அமெரிக்காவிலிருந்து அன்று, கனடாவிலிருந்து. பின்னர் கம்பி ஆரங்களும், அவற்றின்பின் எஃகுத் தட்டுச் சக்கரங்களும் வந்தன. உதிரிச் சக்கரம் முதலில் பக்கவாட்டில் கட்டப்பெற்று, பிறகு வண்டியின் பின்புறம் சென்று, முடிவில் பெட்டிக்குள் மறைந்தது. நாம் அதனை ‘ஸ்டெப்னி’ என்கிறோம். வேல்சு நாட்டு இலனெத்லி நகரில் அத்தகைய சக்கரம் முதலில் செய்யப்பட்ட தெருவின் பெயர் அது. அங்குள்ளோர் மறந்துவிட்ட சொல்லை நம் ஓட்டுநர்கள் இன்றும் வழங்கி வருகின்றனர்.

முன்புறத்தில் கைப்பிடி செருகும் துளை இருந்தால் வண்டி மிகப் பழையது என்று சிலர் முடிவு செய்வர். அது தவறு, கைப்பிடியிட்டுச் சுழற்றும் வசதி 1960-க்குப் பிறகு வந்த வண்டிகளிலும் இருந்தது. உருவ ஒற்றுமையும் ஏமாற்றும். 1957-இல் தோன்றிய அம்பாசிடர் 2014 வரை ஏறத்தாழ ஒரே உடலோடு வெளிவந்தது. அதன் முன்புறக் கிராதியை உற்று நோக்கியே காலத்தைக் கணிக்க இயலும்.

நம் படத்து வண்டியில் எஃகுத் தட்டுச் சக்கரங்கள் உள்ளன. ஏறும் படிப்பலகை இல்லை. முகவிளக்குக்கள் மட்கார்டுக்குள் புதைந்துள்ளன. இவை மட்டும் போதா. 1937 முதற்கொண்டு சில அமெரிக்க வண்டிகளிலும் விளக்குகள் அவ்வாறே அமைந்தன. ஆனால் மூடியின் நுனியில், ‘ஏ’ என்னும் ஆங்கில எழுத்துக்குச் சிறகு முளைத்தாற்போன்ற ஒரு சிறு உலோகச் சின்னம் மின்னுகின்றது. கண்ணாடி வில்லையை வைத்து நோக்கினால் அது ஐயமின்றித் தெரிகின்றது. இது ஆஸ்டின் நிறுவனத்தின் சின்னம். வண்டி ஆஸ்டின் ஏ-40.

இங்கிலாந்தில் அவ்வண்டி வெளிவந்தது 1947-இல். பழவேற்காட்டுக்குத் தெற்கே, அதே கடற்கரையில் உள்ள எண்ணூரில், 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் அதன் பகுதிகளை வரவழைத்து 1949 முதல் பூட்டி விற்றது. அதுவே 1955-இல் அசோக் லேலண்டு ஆயிற்று. எனவே நம் படம் 1947-க்கு முற்பட்டதாதல் இயலாது. எவ்வளவு பிற்பட்டது என்று வண்டி சொல்லாது. வண்டி தோன்றுமுன் அதனைப் படம் பிடித்தல் எவராலும் ஆகாது. ஆனால் தோன்றி இருபது ஆண்டு கழித்தும் அது சாலையில் ஓடக்கூடும். இந்த ஒருபக்க எல்லையை மறப்பவரே பெரும்பாலும் பிழை செய்கின்றனர்.

1944-இல் மாண்ட தந்தை 1947-க்குப் பின் எடுத்த படத்தில் எவ்வாறு நிற்பார்? 1945-இல் இறந்த அக்காளும் அதில் இருத்தல் இயலாது. நிற்பவர், அண்ணன் மறைந்தபின் அக்குடும்பத்தைத் தாங்கிய சிற்றப்பனாகலாம் என்று கொள்வதே பொருத்தம். மட்கார்டின்மேல் கை வைத்த சிறுமிக்கு ஆறு வயது. 1944-இல் பிறந்த குழந்தைக்கு 1950-இல் ஆறு வயதாகும். எண்ணூர் வண்டிகள் சென்னைத் தெருக்களில் புதுமெருகோடு திரிந்த ஆண்டு அது.

இதனைக் கேட்ட மூதாட்டி தந்தையின் முகத்தை இழந்தவராகின்றார். அது சிறிய இழப்பு அன்று. அவர் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, உப்புக்காற்றால் ஓரம் அரித்த அத்தாளில் அச்சிறுமியின் முகத்தை வெகுநேரம் பார்க்கின்றார். “இந்தப் பாவாடை எனக்கு நினைவிருக்கிறது” என்கின்றார்.