படப்பெட்டிகளின் காவலர்

ஒரு நாட்டின் திரைப்பட நினைவைக் கட்டிக் காத்த பி.கே. நாயரின் வாழ்க்கை பெருமைக்குரியது. அது தனி மனிதர் ஒருவரை நம்பியே இருந்தது என்பதுதான் கவலைக்குரியது.

இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா' 1931 மார்ச் 14 அன்று பம்பாயில் வெளியானது. முதல் தமிழ்ப் பேசும் படமாகக் கொண்டாடப்படும் 'காளிதாஸ்' அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று சென்னையில் திரைக்கு வந்தது. இரண்டையும் தயாரித்தவர் ஒருவரே: அர்தேஷிர் இரானி. இரண்டுக்கும் நேர்ந்த கதியும் ஒன்றே. இன்று இரண்டில் எதையும் பார்க்க முடியாது. மிஞ்சியிருப்பவை சில புகைப்படங்கள், விளம்பரங்கள், பாட்டுப் புத்தகங்கள்.

இரானி உயிரோடு இருந்தபோதே அவரைத் தேடிப் போனவர் பி.கே. நாயர். ஒன்றிரண்டு ரீல்கள் எங்காவது கிடக்கும் என்று பெரியவர் சொன்னார். அவை வெள்ளிக்காக எப்போதோ விற்கப்பட்டுவிட்டன என்ற உண்மை பின்னர் அவர் குடும்பத்தார் வழியாகத் தெரிய வந்ததாக நாயர் சொல்வதுண்டு.

கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் வெள்ளி இருக்கிறது. ஓடி முடித்த படம் அந்நாளைய தயாரிப்பாளருக்குச் செத்த சரக்கு. கிடங்கு வாடகை கொடுத்து வைத்திருப்பதைவிட வெள்ளி எடுப்பவரிடம் எடைக்குப் போட்டால் நாலு காசு தேறும். வெள்ளி போக எஞ்சிய சுருள் வளையலாகவும் கைப்பையாகவும் மாறியது. பேசாப்பட யுகத்தில் இந்தியா தயாரித்த படங்கள் 1,300 முதல் 1,700 வரை இருக்கும் என்பது மதிப்பீடு. இன்று மிஞ்சியவை நூற்றுக்கு இரண்டு மூன்றுதான். பலவற்றில் துண்டு துணுக்குகள் மட்டுமே. அந்த மிச்சத்தையும் கரை சேர்த்ததில் நாயருக்குப் பெரும் பங்கு உண்டு.

1933இல் திருவனந்தபுரத்தில் பிறந்த பரமேஷ் கிருஷ்ணன் நாயருக்குச் சினிமாப் பித்து சிறு வயதிலேயே தொற்றிக்கொண்டது. கொட்டகையின் மணல் தரையில் உட்கார்ந்து அவர் முதலில் பார்த்தவை தமிழ்ப் புராணப் படங்கள். கே. சுப்ரமண்யத்தின் 'அனந்தசயனம்' அவற்றில் ஒன்று. மற்றப் பையன்கள் படம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். நாயர் கிழித்த டிக்கெட்டுகளைச் சேர்த்து வைத்தார். எடை பார்க்கும் இயந்திரம் தரும் அட்டைகளையும் விடவில்லை.

படித்து முடித்ததும் இயக்குநராகும் கனவோடு பம்பாய்க்கு ரயிலேறினார். மெஹபூப் கான், பிமல் ராய் போன்ற பெரியவர்களின் அருகிலிருந்து தொழிலைப் பார்த்தார். படம் எடுப்பது தனக்கு வராது என்பது விரைவிலேயே புரிந்தது. 1961இல் புனே திரைப்படக் கல்லூரியில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்தார். 1964 பிப்ரவரியில் மத்திய அரசு தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை அதே ஊரில் தொடங்கியது. மறு ஆண்டு அங்கே உதவிக் காப்பாளராகப் போன நாயர், 1982இல் அதன் இயக்குநரானார். 1991இல் ஓய்வு பெற்றபோது காப்பகத்தில் சுமார் 12,000 படங்கள் சேர்ந்திருந்தன. அவற்றில் 8,000 இந்தியப் படங்கள்.

எண்ணிக்கையைச் சொல்வது எளிது. ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் ஓர் அலைச்சல் இருந்தது. நாசிக்கில் தாதாசாகேப் பால்கேயின் குடும்பத்தாரிடம் கிடந்த சுருள்களைத் தேடிப் பிடித்தார். 1913இல் வெளிவந்த 'ராஜா ஹரிச்சந்திரா' நான்கு ரீல் படம். கிடைத்தவை முதல் ரீலும் கடைசி ரீலும்தான். அவையும் 1917இல் பால்கே மறுபடி எடுத்த பதிப்பைச் சேர்ந்தவை என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பால்கேயின் மகள் மந்தாகினி கண்ணனாக நடித்த 'காளிய மர்தன்' (1919) படத்தின் துண்டுகளும் கிடைத்தன. அவற்றை வரிசைப்படுத்தி, ஒட்டி, மீண்டும் ஓட வைத்தார்கள்.

திருவனந்தபுரத்தில் 1933இல் வெளியான 'மார்த்தாண்ட வர்மா'வின் கதை இன்னும் விசித்திரமானது. சி.வி. ராமன் பிள்ளையின் நாவலைத் தழுவிய அந்தப் பேசாப் படம் உரிமை வழக்கில் சிக்கியது. நாவலின் உரிமையை வைத்திருந்த கமலாலயா புத்தக நிறுவனத்திடம் பிரின்ட் போய்ச் சேர்ந்தது. நாற்பது ஆண்டுகள் முடங்கிக் கிடந்த அந்தச் சுருளை 1974இல் புனேக்குக் கொண்டு வந்தவர் நாயர். ஒரு வழக்கு முடக்கிய படத்தை அதே வழக்குதான் காப்பாற்றியும் கொடுத்தது!

பெட்டி வந்து சேர்ந்தால் வேலை முடிந்துவிடாது; அங்கேதான் தொடங்குகிறது. 1950களின் தொடக்கம் வரை புழக்கத்தில் இருந்த நைட்ரேட் சுருள் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. எரிவதற்கான ஆக்சிஜனை அதுவே தந்துகொள்ளும். பின்னால் வந்த அசிடேட் சுருள் எளிதில் எரியாது, ஆனால் அழுகும். பெட்டியைத் திறந்ததும் புளித்த காடி வாடை மூக்கில் ஏறினால் நோய் கண்டுவிட்டது என்று பொருள். 1,000 அடி ரீல் ஒன்று பதினொரு நிமிடம் ஓடும்; இரண்டரை மணி நேரப் படம் என்றால் பதினான்கு ரீல். ஒவ்வொன்றையும் மேசையில் வைத்துச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஓரத்துளைகள் கிழிந்திருக்கின்றனவா, சுருள் சுருங்கியிருக்கிறதா, ஒட்டு விட்டிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். பிறகு துடைத்து, பெயரெழுதி, பதிவேட்டில் ஏற்றி, குளிரூட்டிய அறையில் அடுக்க வேண்டும். கைதட்டல் இல்லாத வேலை.

நாயர் இதை அலுவலக நேர வேலையாகச் செய்யவில்லை. இருட்டு அரங்கில் சின்ன டார்ச் வெளிச்சத்தில் குறிப்பெழுதிக்கொண்டே படம் பார்ப்பது அவர் வழக்கம். எந்தக் காட்சி எத்தனையாவது ரீலில் வருகிறது என்று நினைவிலிருந்தே சொல்வார். பூட்டி வைப்பதற்காக மட்டும் அவர் சேர்க்கவும் இல்லை. திரைப்படக் கல்லூரி மாணவர்களின் பல தலைமுறைகள் உலக சினிமாவைக் கண்டது அவர் திறந்துவிட்ட பெட்டிகளில்தான். கர்நாடகத்தின் ஹெக்கோடு கிராமத்துக்கும் படங்கள் போயின. பாக்கு விவசாயிகள் குரசோவாவையும் சத்யஜித் ராயையும் பார்த்தார்கள்.

காப்பாளர் நீதிபதியாகக் கூடாது என்பது அவர் கட்சி. நல்ல படம், மட்டமான படம், வெள்ளி விழா கண்டது, மூன்றே நாளில் பெட்டிக்குள் போனது - எல்லாமே சேர்க்கப்பட வேண்டும். இன்று குப்பை என்று தள்ளுவது நாளைக்கு ஒரு காலத்தின் உடையை, தெருவை, பேச்சைச் சொல்லும் ஒரே சாட்சியாக இருக்கலாம். உதய் சங்கரின் 'கல்பனா' (1948) வெளியானபோது கல்லா நிரம்பவில்லை. காப்பகத்தில் இருந்த நெகட்டிவ் பிரதியிலிருந்து அது சீரமைக்கப்பட்டு 2012இல் கான் விழாவில் திரையிடப்பட்டது.

அதே 2012இல் ஷிவேந்திர சிங் துங்கர்பூர், நாயரைப் பற்றி 'செல்லுலாயிட் மேன்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். இரண்டு தேசிய விருதுகள் கிடைத்தன. 2016 மார்ச் 4 அன்று தமது 82ஆம் வயதில் புனேயில் நாயர் காலமானார்.

அவர் கட்டியது மட்டும் பத்திரமாக இருந்ததா? 2003 ஜனவரியில் திரைப்படக் கல்லூரி வளாகத்துக் கிடங்கில் பற்றிய தீயில் காப்பகத்தின் ஆயிரக்கணக்கான நைட்ரேட் சுருள்கள் சாம்பலாயின. பழைய பிரபாத் ஸ்டுடியோவின் சொத்துகளும் அதில் போயின. பிறகு அரசு விழித்தது. திரைப்பட மரபைக் காக்கத் தேசிய அளவில் திட்டம் வந்தது. பல நூறு கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2022இல் காப்பகம் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது.

பணம் வந்தாலும் அடிப்படைக் குறை தீரவில்லை. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் புத்தகம் வெளியிடுபவர் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று நூலகங்களுக்கும் பிரதி அனுப்பியாக வேண்டும். நூறு பிரதி அச்சிட்ட கவிதைத் தொகுப்புக்கும் இந்த விதி பொருந்தும். பல கோடியில் எடுத்த திரைப்படத்துக்கு இப்படிப் பொதுவான கட்டாயம் கிடையாது. தேசிய விருது பெற்றவை போன்ற சில படங்களே விதிப்படி காப்பகத்துக்கு வருகின்றன. மற்றவை தயாரிப்பாளரின் மனசைப் பொறுத்தவை.

டிஜிட்டல் யுகம் வந்ததும் கவலை விட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. படம் இப்போது ஹார்டு டிஸ்க்கில் தூங்குகிறது. சரியாகப் பராமரித்தால் படச்சுருள் நூறாண்டு தாங்கும். ஹார்டு டிஸ்க் சில ஆண்டுகளிலேயே கையை விரித்துவிடலாம். அது பழுதாகும்போது காடி வாடை வந்து எச்சரிக்கவும் செய்யாது.

நாயரைப் போல இன்னொருவர் வருவார் என்று காத்திருப்பது ஒரு வழி. ஒவ்வொரு படத்தின் ஒரு பிரதியும் காப்பகத்துக்கு வந்தாக வேண்டும் என்று சட்டம் செய்வது இன்னொரு வழி. முதல் வழியில் போனதன் விலை 'ஆலம் ஆரா'வும் 'காளிதா'ஸும்.