பன்றி இறைச்சியும் புழு நோய்களும்

ஹனோவர் நகர இறைச்சிக் கடைகளில், அரைத்த பச்சைப் பன்றி இறைச்சியைப் பாணில் பூசி, வெங்காயம் தூவி விற்பதைக் கண்டு எம்மவர் பலர் திகைப்பதுண்டு. 'மெற்' எனப்படும் இவ்வுணவை ஜேர்மனியர் அச்சமின்றி உண்பதன் பின்னால் துயர வரலாறொன்று உண்டு.

1865 ஆம் ஆண்டு, ஹார்ஸ் மலையை அடுத்த ஹெடர்ஸ்லேபன் என்னும் சிற்றூரில் 300 க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்; 101 பேர் மாண்டனர். அவர்கள் உண்ட பன்றி இறைச்சியில் ற்றிக்கினெல்லா எனும் நுண்புழுவின் குடம்பிகள் இருந்தன. வளர்ந்த புழு குடலில் வாழ, அதன் குடம்பிகள் குருதிவழி சென்று தசைகளில் தங்கிவிடுகின்றன. அறுக்கப்படும் பன்றிகளை நுணுக்குக்காட்டியால் சோதிக்க வேண்டுமென பேராசிரியர் றுடொல்வ் விர்ஹோ வாதாடினார். 1900 இல் நாடு தழுவிய இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் பிறந்தது.

இன்று தொழுவப் பன்றிகளில் இப்புழு மிக அரிது. ஆயினும் காட்டுப் பன்றிகளில் அது அற்றுப்போகவில்லை. எனவே வேட்டைக்காரர் தம் வீட்டுக்கெனச் சுட்ட காட்டுப் பன்றியையும் சோதித்தே உண்ண வேண்டுமென்பது சட்டம்.

ஹனோவரைத் தலைநகராகக் கொண்ட நீடர்சாக்சன், ஜேர்மனியில் அதிக பன்றிகளை வளர்க்கும் மாநிலம். 1778 இல் தொடங்கிய ஹனோவர் மிருக வைத்திய உயர்கல்லூரியில் ஒட்டுண்ணியியலுக்கெனத் தனி நிறுவகம் உண்டு. வைக்கோலிலும் திறந்த வெளியிலும் வளரும் பன்றி இன்புற்று வாழலாம். ஆனால் மண்ணில் பல்லாண்டு அழியாதிருக்கும் வட்டப்புழு முட்டைகளும் அதன் வாய்க்குள் செல்கின்றன. குடம்பிகள் ஊடுருவிய ஈரலில் வெண்புள்ளிகள் தோன்ற, அது கழிக்கப்படுகிறது.

தமிழகத்தில் பிரச்சினை வேறு. மனித மலத்தை உண்டு திரியும் பன்றிகளில் நாடாப்புழுவின் குடம்பிகள் வளர்கின்றன. அவ்விறைச்சியை அரைவேக்காடாக உண்பவரின் குடலில் நாடாப்புழு உருவாகிறது. அவர் மலத்தில் வெளியேறும் முட்டைகள், கழுவாத கைகள், காய்கறிகள் வழியாகப் பிறருக்குள் சென்று, மூளையில் நீர்க்கட்டிகளாகி வலிப்பை உண்டாக்குகின்றன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியர்கள் இந்நோயை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். பன்றி இறைச்சியைத் தொடாத சைவ உணவினரையும் இது தாக்கும் என்பதை நாம் மறத்தலாகாது. வலிப்பு தெய்வக் குற்றமன்று, வைத்தியத்துக்குரிய நோய்.

ஆகவே பன்றியைப் பழிப்பதில் பயனில்லை. மலசலகூடமும் இறைச்சிப் பரிசோதனையுமே நோயைத் தடுப்பவை. இறைச்சியின் உட்பகுதி 70 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இரண்டு நிமிடமேனும் வேக வேண்டும். பரிசோதிக்கப்பட்ட பச்சை இறைச்சியிலும் வேறு கிருமிகள் இருக்கக்கூடுமாதலால் கர்ப்பிணிகளும் சிறுவரும் 'மெற்' உண்பதைத் தவிர்த்தல் நன்று. பரிசோதனைச் சான்றில்லாத காட்டுப் பன்றி இறைச்சியை, அன்பளிப்பாகக் கிடைப்பினும், அடுப்பில் ஏற்றாதிருப்போமாக.