மழைக்காட்டில் வண்ணத்துப்பூச்சிகளைப் படம்பிடித்தல்

மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில் வண்ணத்துப்பூச்சிகளைப் படம்பிடிக்க முனைவோர், காட்டின் ஒளியையும் பூச்சியின் அன்றாடப் பழக்கத்தையும் ஒருங்கே அறிந்திருத்தல் வேண்டும். வெளிவெப்பத்தைச் சார்ந்தே உடற்சூடு பெறும் உயிரினமாதலால், காலையில் அது சிறகு விரித்து வெயில் காய்கிறது; பறப்பதற்குரிய சூடு ஏறும்வரை பெரிதும் அசையாதிருக்கும் அந்நேரமே படமெடுக்க உகந்தது. வெயில் ஏறியபின், பல இனங்களின் ஆண் பூச்சிகள் ஓடைக்கரையின் ஈரமண்ணில் கூட்டமாக அமர்ந்து, இனப்பெருக்கத்துக்கு உதவும் சோடியம் முதலிய உப்புகளை உறிஞ்சுவதில் ஆழ்ந்துவிடுவதால், தரையோடு படிந்து மெல்ல நெருங்குவோர்க்கு இணங்குகின்றன. நிழல் மேலே விழுந்தாலோ கலைந்துவிடுகின்றன.

சிறு பொருள்களை மிக அருகிலிருந்து பெரிதாகக் காட்டும் மேக்ரோ லென்ஸில், கூர்மையாகப் பதியும் ஆழம் சில மில்லிமீட்டர் அளவே என்பதால், மூடிய சிறகின் பரப்புக்கு இணையாகக் கேமராவைப் பிடித்தால்தான் சிறகு முழுவதும் தெளிவாக அமையும். காணொளியில், நொடிக்கு 120 சட்டகங்களாகப் பதிந்து 24 சட்டகங்களாக ஓடவிட்டால், சிறகடிப்பு ஐந்து மடங்கு மெதுவாகத் தெரியும். அசைவை நிறுத்தப் பூச்சியைக் குளிரூட்டுவதும் கையால் பிடித்து அமர்த்துவதும் அதன் உயிருக்கே ஊறாகலாம் என்பதால், அவை அறவே தவிர்க்கத்தக்கவை.